ரியாக்டில் சொந்தமாக ஒரு நேவிகேஷன் மெனு

ஒரு தளத்தின் மேலே உட்காரும் மெனுவுக்காக யாராவது ஒரு பெரிய லைப்ரரியை இறக்கினால், "நாமே எழுதிவிடலாமே" என்றுதான் நான் சொல்வேன். பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அது சின்ன வேலைதான். பக்கங்களுக்குப் போகும் லிங்க்குகளின் பட்டியல் ஒன்று, அந்தப் பட்டியலின் சில பகுதிகளைத் திறந்து மூடும் பட்டன்கள் சில. எங்காவது கூட்டிப்போவது லிங்க், இருந்த இடத்திலேயே எதையாவது திறப்பது பட்டன். இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் மெனு தானாகவே நேராக வரும். என்னிடம் ரிவ்யூவுக்கு வரும் மெனுக்களில் இருக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி இதைக் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

உதாரணத்துக்கு ஒரு பதிப்பகத்தின் தளத்தை எடுத்துக்கொள்கிறேன். மெனுவில் முகப்பு, நூல்கள், எழுத்தாளர்கள், நிகழ்வுகள், தொடர்புக்கு என்று ஐந்து. நூல்களுக்குள் வரலாறு, சிறுகதை, அறிவியல், சிறார் என்று நான்கு பிரிவுகள். ரியாக்ட் (திரையைக் காம்பொனென்ட் என்ற துண்டுகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி), ரியாக்ட் ரூட்டர் (அதில் பக்கங்களை மாற்றித் தருவது) இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். வியூ (Vue) என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில் எழுதுபவர்களுக்கும் யோசனை இதேதான், ஹூக்குகளின் (ரியாக்டில் "யூஸ்" என்று தொடங்கும் ஃபங்ஷன்களின்) பெயர்தான் மாறும்.

முதலில் தரவு, அப்புறம் எலும்புக்கூடு

மெனுவின் உருப்படிகளை ஜேஎஸ்எக்ஸுக்குள் (ரியாக்டில் எச்டிஎம்எல் போலவே எழுதும் பகுதி) கையால் எழுத வேண்டாம். தனி ஃபைலில் ஓர் அரே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு கீ, திரையில் தெரியும் பெயர், முகவரி, வேண்டுமானால் பிள்ளைகள் என்ற உள் அரே. ஃபுட்டரிலும் சைட்மேப் பக்கத்திலும் இதே பட்டியலைப் போட வேண்டிய நாள் வரும், அன்றைக்கு இந்தப் பிரிப்பு கைகொடுக்கும். ஆழம் இரண்டு அடுக்கோடு நிற்கட்டும். மூன்றாவது அடுக்கு கேட்டு வந்தால், அதற்கு ஒரு பக்கத்தைப் போட்டு, பிரிவுகளை அங்கே அடுக்குவதுதான் படிப்பவருக்கு நல்லது.

எச்டிஎம்எல் இப்படி இருக்க வேண்டும்: வெளியே ஒரு நாவ் டேக், உள்ளே ஒரு யுஎல், ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் எல்ஐ, அதற்குள் லிங்க். உள்பிரிவு இருந்தால் அதே எல்ஐக்குள் ஒரு பட்டனும் இன்னொரு யுஎல்லும். நாவ் டேகுக்கு ஏரியா-லேபிளில் (ஏரியா, ARIA, என்பது பார்வையற்றோரின் கருவிகளுக்கும் புரியும்படி பக்கத்தை விவரிக்கும் அட்ரிபியூட்கள்) "முதன்மை" என்று மட்டும் கொடுங்கள். "முதன்மை மெனு" என்றோ "முதன்மை நேவிகேஷன்" என்றோ எழுதத் தேவையில்லை. இது நேவிகேஷன் பகுதி என்பதைத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடரே சொல்லிவிடும், நாம் எழுதினால் இரண்டு தடவை கேட்கும்.

இங்கே பலர் ஆசையாக ஒன்று செய்வார்கள். மெனு என்ற பெயரில் ஒரு ரோல் (இது எந்த வகை எலிமென்ட் என்று சொல்லும் அட்ரிபியூட்) இருக்கிறதே என்று யுஎல்லுக்கு ரோல் மெனு, லிங்க்குக்கு ரோல் மெனுஐட்டம் என்று கொடுத்துவிடுவார்கள். வேண்டாம். அந்த ரோல்கள் டெஸ்க்டாப் மென்பொருளின் ஃபைல், எடிட் மாதிரியான மெனுக்களுக்கானவை. அதைக் கேட்டதும் ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர் அம்புக்குறிக் கீகளால் நகரலாம் என்று எதிர்பார்ப்பார். சில ஸ்க்ரீன் ரீடர்கள் படிக்கும் முறையிலிருந்தே மாறி, கீகளை நேராகப் பக்கத்துக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அம்புக்குறிகளுக்கு நீங்கள் எதுவும் எழுதியிருக்காவிட்டால் அவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் ஏரியா வழிகாட்டியிலேயே தள நேவிகேஷனுக்கு டிஸ்க்ளோஷர் முறையில், அதாவது பட்டன் ஒரு பகுதியைத் திறந்து மூடும் முறையில், ஓர் உதாரணம் இருக்கிறது. நாம் இங்கே செய்வதும் அதே வகைதான்.

அம்புக்குறிக்கு ஒரு பட்டன்

"நூல்கள்" என்பதை என்ன செய்வது? அதற்கென்று ஒரு பக்கம் இருந்தால் அது லிங்க். பக்கத்திலேயே கீழ்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு தனி பட்டன். பக்கமே இல்லாமல் வெறும் தலைப்பு என்றால், பெயரையே பட்டனாக்கிவிடலாம். எங்கும் போகாத ஒரு லிங்க்கை வைத்து, அதன் முகவரியில் ஒரு ஹாஷ் குறியைப் போட்டு, கிளிக்கில் பிரிவென்ட்டீஃபால்ட் கூப்பிடுவது பழைய பழக்கம். அதை விட்டுவிடுங்கள். டிவ்வில் ஆன்கிளிக் போடுவது அதைவிட மோசம். டேப் கீ அங்கே நிற்காது, எண்டரும் ஸ்பேஸும் வேலை செய்யாது. பட்டன் டேகில் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

பட்டனுக்கு டைப் பட்டன் என்று கொடுங்கள். ஏரியா-எக்ஸ்பேண்டடில் திறந்திருக்கிறதா இல்லையா என்ற ட்ரூ அல்லது ஃபால்ஸ். ஏரியா-கன்ட்ரோல்ஸில் உள்பட்டியலின் ஐடி. ஐடியைக் கையால் எழுதினால், அதே காம்பொனென்ட்டைப் பக்கத்தில் இரண்டு இடத்தில் போடும்போது மோதும். 2022-இல் வந்த ரியாக்ட் 18-இலிருந்து யூஸ்ஐடி என்ற ஹூக் இதற்காகவே இருக்கிறது. பட்டனில் அம்புக்குறி ஐகான் மட்டும் இருந்தால் ஏரியா-லேபிளில் "நூல் பிரிவுகள்" என்று பெயர் கொடுங்கள். திறந்ததும் அந்தப் பெயரைப் "பிரிவுகளை மூடு" என்று மாற்ற வேண்டாம். நிலையை ஏரியா-எக்ஸ்பேண்டட் சொல்கிறது, பெயரும் சேர்ந்து மாறினால் கேட்பவருக்கு இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஸ்டேட் (காம்பொனென்ட் நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய மதிப்பு) எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்தது. ஒவ்வோர் உள்பட்டியலுக்கும் தனித்தனியாக ஒரு ட்ரூ-ஃபால்ஸ் ஸ்டேட் வைக்கத்தான் முதலில் தோன்றும். நான் மேலே, மெனு காம்பொனென்ட்டில், ஒரே ஒரு ஸ்டேட் வைப்பேன்: திறந்திருக்கும் உருப்படியின் கீ, எதுவும் திறக்காவிட்டால் நல் (null, வெற்று மதிப்பு). பட்டனை அழுத்தினால், இப்போதைய மதிப்பு அதே கீயாக இருந்தால் நல் ஆகும், இல்லாவிட்டால் அந்தக் கீ ஆகும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும் என்பதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். எல்லாவற்றையும் மூடவும் ஓரிடத்தில் நல் வைத்தால் போதும். உள்பட்டியல் காம்பொனென்ட்டுக்குத் திறந்திருக்கிறதா என்ற ஒரு ப்ராப் (வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு), மாற்றுவதற்கு ஒரு ஃபங்ஷன், மூடுவதற்கு ஒரு ஃபங்ஷன், இவ்வளவு போதும்.

மூடுவதில்தான் வேலை

திறப்பது ஒரே வழியில், பட்டனை அழுத்தி. மூடுவதற்கோ பல வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வேலையில் நான் அதிக நேரம் கொடுப்பது இங்கேதான்.

எஸ்கேப் கீ. உள்பட்டியல் இருக்கும் எல்ஐயில் ஆன்கீடவுன் வையுங்கள். உள்ளே எந்த லிங்க்கில் ஃபோகஸ் (கீபோர்டு அப்போது நிற்கும் இடம்) இருந்தாலும் ஈவென்ட் மேலேறி அங்கே வந்துவிடும். எஸ்கேப் என்றால் மூடுங்கள், கையோடு ஃபோகஸைப் பட்டனுக்குத் திருப்பி அனுப்புங்கள். பட்டனுக்கு ஒரு ரெஃப் (அந்த எலிமென்ட்டை நேராகப் பிடித்துக்கொள்ளும் வழி) வைத்திருந்தால் இது ஒரு வரி. இந்த வரி விடுபட்டால், ஃபோகஸ் இருந்த லிங்க் மறைந்துபோய், கீபோர்டில் வருபவர் பக்கத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பதையே இழந்துவிடுவார்.

வெளியே அழுத்தினால் மூடுவது. யூஸ்எஃபெக்டில் (ரெண்டர் ஆன பின் ஓடும் கோடை வைக்கும் ஹூக்), ஏதாவது திறந்திருக்கும்போது மட்டும், டாக்குமென்ட்டுக்கு பாயின்டர்டவுன் லிசனர் ஒன்றைச் சேருங்கள். ஈவென்ட்டின் டார்கெட் நாவுக்குள் இல்லையென்றால் மூடவும். எஃபெக்ட்டிலிருந்து லிசனரை நீக்கும் ஃபங்ஷனைத் திருப்பித் தர மறக்க வேண்டாம்.

டேப் அழுத்திக்கொண்டே மெனுவை விட்டு வெளியே போனால் மூடுவது. ரியாக்டில் ஆன்பிளர் மேலேறும் ஈவென்ட் என்பதால் அதை நாவிலேயே வைக்கலாம். ஃபோகஸ் அடுத்து எங்கே போகிறது என்பது ரிலேட்டட்டார்கெட்டில் வரும், அது நாவுக்குள் இல்லையென்றால் மூடலாம். ஆனால் ரிலேட்டட்டார்கெட்டின் மதிப்பு நல் (null) என்றால் எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள். காரணம் மேக்கில் இருக்கும் சஃபாரி. அங்கே பட்டனை மவுஸால் அழுத்தினால் பட்டனுக்கு ஃபோகஸ் போகாது. உள்பட்டியலின் ஒரு லிங்க்கில் ஃபோகஸ் இருக்கும்போது ஒருவர் மூடுவதற்காகப் பட்டனை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளர் நல் மதிப்போடு வருகிறது, நம் கோட் மெனுவை மூடுகிறது. உடனே கிளிக் வருகிறது, மூடியிருப்பதைப் பார்த்துத் திறந்துவிடுகிறது. அழுத்துபவருக்கோ மெனு மூடவே மாட்டேன் என்கிறது. நல் என்றால் ஒதுங்கிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. வெளியே அழுத்துவதைத்தான் பாயின்டர்டவுன் பார்த்துக்கொள்கிறதே.

லிங்க்கைத் தேர்ந்தெடுத்த பின் மூடுவது. ரூட்டர் பக்கத்தை மாற்றினாலும் ஹெடர் காம்பொனென்ட் புதிதாகப் பிறப்பதில்லை, ஆகவே மெனு திறந்தபடியே நிற்கும். பாத்நேம் மாறினால் மூடு என்று ஓர் எஃபெக்ட் எழுதுவது பரவலான வழி. அது மட்டும் போதாது. வரலாறு பக்கத்தில் இருப்பவர் மறுபடி "வரலாறு" லிங்க்கையே அழுத்தினால் பாத்நேம் மாறாது, மெனுவும் மூடாது. லிங்க்கின் ஆன்கிளிக்கிலேயே மூடுங்கள். பிரவுசரின் பின்செல்லும் பட்டனுக்காக அந்த எஃபெக்ட்டும் கூட இருக்கட்டும்.

மறைப்பதிலும் ஒரு விஷயம். ஒபாசிட்டி 0 என்று வைத்தால் கண்ணுக்குத்தான் மறையும், டேப் கீ உள்ளே போய் நான்கு லிங்க்குகளிலும் நின்று நின்று வரும். உள்பட்டியலுக்கு ஹிட்டன் அட்ரிபியூட் கொடுங்கள். ஆனால் அதே யுஎல்லுக்கு உங்கள் சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் என்றோ கிரிட் என்றோ எழுதியிருந்தால் ஹிட்டன் தோற்றுவிடும். அது பிரவுசரின் இயல்பு ஸ்டைல் மட்டுமே, நாம் எழுதியது அதை மீறிவிடும். ஹிட்டன் இல்லாதபோது மட்டும் ஃப்ளெக்ஸ் என்று செலக்டரை எழுதினால் தீர்ந்தது. மெதுவாகத் திறக்கும் அனிமேஷன் வேண்டுமென்றால் ஹிட்டனுக்குப் பதில் ஒபாசிட்டியோடு விசிபிலிட்டியையும் சேர்த்து மாற்றுங்கள், விசிபிலிட்டி ஹிட்டன் என்றால் டேப் உள்ளே போகாது. அசைவைக் குறைக்கச் சொல்லி செட்டிங்கில் வைத்திருப்பவர்களுக்கு அந்த அனிமேஷனை நிறுத்திவிடவும்.

மவுஸை மேலே கொண்டுபோனால் திறப்பது தேவையா? என் கருத்தில் தேவையில்லை, அழுத்தித் திறப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. டிசைனில் கட்டாயம் என்று வந்தால், பாயின்டர்என்டர் ஈவென்ட்டில் பாயின்டர்டைப் மவுஸ்தானா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் டச் திரையில் விரல் பட்டதும் திறந்து, தொடர்ந்து வரும் கிளிக்கில் மூடிக்கொள்ளும். பட்டனுக்கும் உள்பட்டியலுக்கும் நடுவில் மார்ஜின் விடாதீர்கள், மவுஸ் அந்த இடைவெளியைக் கடக்கும் நொடியில் பட்டியல் மறைந்துவிடும். இடைவெளி வேண்டுமானால் உள்பட்டியலின் பேடிங்காக இருக்கட்டும். 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 (எல்லோரும் பயன்படுத்தத்தக்க தளங்களுக்கான டபிள்யூ3சி வழிகாட்டி), இப்படித் திறப்பவற்றுக்கு ஒரு விதியே வைத்திருக்கிறது: மவுஸை நகர்த்தாமலே மூட வழி இருக்க வேண்டும், திறந்ததன் மேல் மவுஸைக் கொண்டுபோகவும் முடிய வேண்டும், தானாக மறையவும் கூடாது. முதல் நிபந்தனைக்காக எஸ்கேப் லிசனரை எல்ஐயில் மட்டுமல்லாமல் டாக்குமென்ட்டிலும் வைக்க வேண்டியிருக்கும். அப்போது ஃபோகஸ் மெனுவுக்குள் இருந்தால் மட்டும் பட்டனுக்குத் திருப்புங்கள்.

எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்

ரியாக்ட் ரூட்டரின் நாவ்லிங்க், தற்போதைய பக்கத்துக்கு ஆக்டிவ் என்ற கிளாஸையும், ஏரியா-கரன்ட்டில் பேஜ் என்ற மதிப்பையும் தானே வைத்துவிடும். ஸ்டைலை ஏரியா-கரன்ட்டின் மேலேயே எழுதுவது என் வழக்கம். கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவே முடியாது. வரலாறு பக்கத்தில் இருக்கும்போது "நூல்கள்" லிங்க்கும் பொருந்திவிடும் என்பதால், தற்போதைய பக்கம் என்று இரண்டு லிங்க்குகள் சொல்லும். நூல்களுக்கு எண்ட் என்ற ப்ராப்பைக் கொடுத்தால் அதன் சொந்தப் பக்கத்தில் மட்டும் பொருந்தும். நாம் இந்தப் பிரிவுக்குள் இருக்கிறோம் என்று காட்ட, பெற்றோர் எல்ஐக்கு வேறொரு கிளாஸ் வைத்து மெல்லிய கோடு போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கிளாஸுக்கான ஒப்பீட்டை நாமே எழுதுவோம் அல்லவா, அங்கே தமிழ் முகவரிகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். முகவரிப் பட்டையில் "/நூல்கள்" என்று அழகாகத் தெரிந்தாலும், பிரவுசரின் லொக்கேஷன் தரும் பாத்நேம் சதவீதக் குறிகளாக மாறி வரும். நூல்கள் என்ற சொல்லில் 7 யூனிகோட் குறியீடுகள், ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு 3 எழுத்து. ஆக மொத்தம் 63 எழுத்துகள். அதை உங்கள் அரேயில் இருக்கும் தமிழோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. ஒப்பிடும் முன் டிகோட்யூஆர்ஐ போட வேண்டும். தவறாக உடைந்த முகவரி வந்தால் அது எர்ரர் எறியும் என்பதால் ட்ரை-கேட்சுக்குள் வையுங்கள்.

அதோடு முடியவில்லை. "தொடர்புக்கு" என்பதில் வரும் "தொ"வைப் பாருங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் வேறு வேறு. இரு பக்கமும் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி வடிவத்தோடு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) கூப்பிட்டுவிட்டு ஒப்பிடுங்கள். தொடக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. "/நூல்" என்று ஒரு பக்கம் பின்னால் வந்தால், "/நூல்கள்"ளும் அதில் பொருந்திவிடும். முழுதும் சமமாக இருக்க வேண்டும், அல்லது ஒரு சாய்கோடு சேர்த்த பின் அதில் தொடங்க வேண்டும்.

சின்னத் திரை

மொபைலுக்கு ஒரு மெனு, பெரிய திரைக்கு ஒரு மெனு என்று இரண்டு எழுதாதீர்கள். ஒரே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மீடியா குவெரி தோற்றத்தை மாற்றட்டும். விண்டோவின் அகலத்தைக் கோடில் பார்த்து எதை ரெண்டர் செய்வது என்று முடிவெடுத்தால், சர்வரில் ரெண்டர் ஆகும் தளங்களில் சர்வர் ஒன்றையும் பிரவுசர் இன்னொன்றையும் வரைந்து, சர்வர் தந்த எச்டிஎம்எல்லோடு ரியாக்ட் இணையும் கட்டத்தில் (ஹைட்ரேஷன்) பிழை வரும். மூன்று கோடு பட்டனும் முன்பு பார்த்த அதே பட்டன்தான், அதே ஏரியா-எக்ஸ்பேண்டட்தான். அதற்கும் பெயர் கொடுங்கள்.

எந்த அகலத்தில் மாற வேண்டும் என்பதை போன் மாடல்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஜன்னலைக் குறுக்கிக்கொண்டே வாருங்கள், "எழுத்தாளர்கள்" எங்கே நெருக்கியடிக்கிறதோ அதுதான் உங்கள் அளவு, அதை எம் அலகில் எழுதுங்கள். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை, ஆங்கில டெம்ப்ளேட்டில் இருந்த அளவு ஒத்துவராது. ஹெடருக்கு ஹைட் என்று இறுக்கிப் பிடிக்காமல் மின்-ஹைட் கொடுங்கள். வரி உயரம் 1.5-க்குக் குறைந்தால் மேலே இகரச் சுழியும் கீழே ஊகாரக் காலும் வெட்டுப்படப் பார்க்கும். லெட்டர்-ஸ்பேசிங் தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

ஹெடருக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் கண்ணாடி விளைவு இப்போது பலருக்கும் பிடிக்கிறது. பேக்ட்ராப்-ஃபில்டர் அதைத் தருகிறது, கூடவே ஒரு வேலையையும் செய்கிறது. பொசிஷன் ஃபிக்ஸ்ட் கொண்ட பிள்ளைகளுக்குத் திரைக்குப் பதில் அந்த ஹெடரே எல்லையாகிவிடும். முழுத்திரைக்கு விரிய வேண்டிய மெனு, ஹெடரின் உயரத்துக்குள் நசுங்கி நிற்கும். இசட்-இண்டெக்ஸை எவ்வளவு ஏற்றினாலும் பலன் இல்லை. மங்கல் விளைவை ஹெடரின் பிஃபோர் சூடோ எலிமென்ட்டுக்கு மாற்றினால் உடனே சரியாகிவிடும். ட்ரான்ஸ்ஃபார்முக்கும் இதே குணம் உண்டு.

ஐந்தாறு உருப்படிகளுக்கு முழுத்திரை தேவையே இல்லை, ஹெடருக்குக் கீழே பக்கத்தைத் தள்ளிக்கொண்டு விரியும் பட்டியலே போதும். முழுத்திரைதான் என்றால் டயலாக் டேகும் அதன் ஷோமோடல் மெத்தடும் நல்ல துணை. 2022-இலிருந்து எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறது. எஸ்கேப்பில் மூடுவதும், பின்னால் இருக்கும் பக்கத்துக்கு ஃபோகஸ் போகாமல் தடுப்பதும் அதிலேயே வந்துவிடும். உயரத்துக்கு 100விஎச் வேண்டாம், 100டிவிஎச் போடுங்கள். முன்னதில் போன் பிரவுசரின் பட்டை கடைசி லிங்க்கை மறைத்துவிடும். அழுத்தும் இடத்தின் அளவு, 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2-இன்படி குறைந்தது 24-க்கு 24 பிக்சல். நான் 44-க்குக் கீழே போவதில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பது

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் கீயால் மட்டும் ஒரு சுற்று போய் வாருங்கள். ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வோர் அடியிலும் தெரிய வேண்டும். அவுட்லைன் நன் (none) என்று எழுதியிருந்தால் நீக்கிவிட்டு, ஃபோகஸ்-விசிபிளில் தடித்த கோடு போடுங்கள். "சிறார்" லிங்க்கில் எண்டர் அழுத்திய பின் ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்பட்டியல் மூடி அந்த லிங்க் மறைந்ததால் ஃபோகஸ் அந்தரத்தில் நிற்கும். புதிய பக்கத்தின் எச்1-க்கு டேப்இண்டெக்ஸ் மைனஸ் 1 கொடுத்து, ரூட் மாறியதும் அதற்கு ஃபோகஸை நகர்த்துங்கள். பக்கத்தின் டைட்டிலும் மாற வேண்டும். ஹெடர் ஒட்டி நிற்கும் வகை என்றால் எச்டிஎம்எல்லுக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப்பில் அதன் உயரத்தைக் கொடுங்கள், இல்லையேல் ஃபோகஸ் ஆனது ஹெடருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

1280 பிக்சல் அகல ஜன்னலில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அது 320 பிக்சல் திரைக்குச் சமம், உங்கள் மொபைல் மெனு அங்கே வந்து நிற்க வேண்டும். தானியங்கி டெஸ்ட்டில், டெஸ்டிங் லைப்ரரியின் கெட்பைரோல் கொண்டு "நூல் பிரிவுகள்" என்ற பட்டனைத் தேடுங்கள், அழுத்துங்கள், எஸ்கேப் கொடுங்கள், ஃபோகஸ் பட்டனுக்கே திரும்பியதா என்று சரிபாருங்கள். கிளாஸ் பெயரை வைத்துத் தேடும் டெஸ்ட்டில் பட்டன் டிவ்வாக மாறினாலும் தெரியாது, ரோலை வைத்துத் தேடினால் உடனே சிவப்பாகிவிடும்.

அப்புறம், சர்வரில் ரெண்டர் ஆகும் தளமென்றால், டெவ்டூல்ஸில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு பக்கத்தை ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். மெதுவான இணைப்பில் முதல் சில நொடிகள் எல்லோருக்கும் இதே நிலைதான். அம்புக்குறி பட்டன் அழுத்தினாலும் திறக்காது. "நூல்கள்" உண்மையான லிங்க்காக இருந்தால் அது போய்ச்சேரும், அந்தப் பக்கத்தில் நான்கு பிரிவுகளின் லிங்க்குகளும் இருக்கும்படி அதே அரேயை அங்கேயும் போட்டுவிடுங்கள்.